அஞ்சிய காந்தியடிகள்

காந்தியடிகளைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. பேசாத மேடையும் இல்லை. ஆனால் எழுதுவோரும் பேசுவோரும் அஞ்சாத காந்தியைப் பற்றியே சொல்வர். நான் எழுதப் புகுந்தது அஞ்சிய காந்தியைப் பற்றி. இருட்டுக்கு அஞ்சியவர், பாம்புக்கு அஞ்சியவர், நாலு பேர் நடுவே எழுந்து ஒரு தாளைப் படிக்க அஞ்சியவர், ஐம்பதை நெருங்கும் வயதில், சாவு வாசலுக்கு வந்துவிட்டது என்று நம்பி ஓர் இரவு முழுவதும் கண் மூடாமல் கிடந்தவர். இவை பகைவர் கட்டிவிட்ட கதைகள் அல்ல. சத்திய சோதனையில் அவரே ஒளிக்காமல் எழுதி வைத்தவை.

விலங்கியல் படிக்கும் உனக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் சொல்லிவிடுகிறேன். என் ஊர் அகளி. அட்டப்பாடி மலையில் பவானி ஆற்றை ஒட்டிய ஊர். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து பயிர்த்தொழிலுக்காக மலையேறிய குடும்பம் எங்களுடையது. வீட்டில் கொங்குத் தமிழ், பள்ளியில் மலையாளம், கடைத்தெருவில் இருளர் பேச்சும் கலந்து வரும். இங்கே வந்தபின் கருத்தரங்கில் எழுந்து பேச வேண்டும் என்ற நினைப்பு வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். முதலில் அந்த ஒரு நாள் மட்டும். பிறகு அதற்கு முன்தினம். பிறகு காரணமே வேண்டியதில்லை என்றாகிவிட்டது. வீட்டிலிருந்து தொலைபேசி வந்தால் யாருக்கு என்னவோ என்ற பதைப்பு. வராவிட்டால் அதைவிடப் பதைப்பு. வயிறு பிசையும், தோள் கல்லாக இறுகும், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். ஒரு மருத்துவமனைக்குப் போனேன். இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். மருத்துவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே ஒன்றும் இல்லை என்றார். மாத்திரை எழுதினார். எதற்கு என்று சொல்லவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவும் இல்லை. ஊருக்குப் போனபோது அம்மாயி நெற்றியில் திருநீறு மந்திரித்துப் போட்டு, கையில் ஒரு கயிறும் கட்டினாள். உண்மையைச் சொன்னால், அந்த மாத்திரையைவிட அந்தக் கயிறு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அறிவியல் மாணவன் இப்படி எழுதலாமா என்று சிரிக்க வேண்டாம். இதே குழப்பம் பெரியவர் ஒருவருக்கும் இருந்ததை அப்போதுதான் நூலகத்தில் படித்தேன்.

நிற்க. தேவைக்கு மிஞ்சிய கவலை ஆறு திங்களுக்கும் மேலாகப் பெரும்பாலான நாட்களில் ஒருவனைவிட்டு நீங்காதிருந்து, உறக்கத்தையும் உடலையும் அன்றாட வேலையையும் கெடுத்தால், அதனைப் பொதுப் பதற்றநோய் என்று இன்றைய மருத்துவம் வகைப்படுத்துகிறது. காந்தியடிகளுக்கு அந்நோய் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இறந்தவர் நாடியைப் பிடித்துப் பார்த்து நோய்க்குப் பெயர் சூட்டுவது அறிவியல் ஆகாது. அச்சத்தோடு வாழ்வது எப்படி இருக்கும், அதற்கு யார் யார் என்னென்ன மருந்து சொன்னார்கள், அவர் எதை ஏற்றார், எதைத் தள்ளினார் என்பதை நோயாளியின் பக்கம் நின்று எழுதிய பெரியோர் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் காந்தியடிகள். எனக்கு வேண்டியது அவ்வளவே.

மோகன்தாஸ் பிறந்தது 1869 அக்டோபர் 2-ஆம் நாள், போர்பந்தரில். தந்தை கரம்சந்த் திவான், தாய் புத்லிபாய். பள்ளி விட்டதும் பையன் வீட்டுக்கு ஓடிவிடுவான். யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ, கேலி செய்துவிடுவார்களோ என்று பயம். திருடன், பேய், பாம்பு மூன்றும் இரவில் மூன்று திசையிலிருந்து வருவதாகத் தோன்றும். விளக்கு இல்லாமல் உறங்க முடியாது. பதின்மூன்று வயதில் திருமணமாகிக் கஸ்தூரிபாய் வந்தபோது, அந்தப் பெண்ணுக்கு இந்தப் பயம் ஒன்றும் இல்லை. இருட்டில் எங்கும் போய்வருவாள். தன் அச்சத்தை அவளிடம் சொல்ல அவனுக்கு வெட்கம். அச்சத்தைவிட அச்சத்தை மறைக்கும் வேலைதான் பெரிய வேலை. பட்டவர்களுக்கு இது தெரியும்.

முதல் மருந்து கொடுத்தவள் வீட்டு வேலைக்காரி ரம்பை. இராம நாமத்தைச் சொல், பயம் போகும் என்றாள். அந்த மருந்தைக் காட்டிலும் அதைச் சொன்னவளிடம் தமக்கு நம்பிக்கை மிகுதி என்று அவர் பின்னாளில் எழுதினார். இந்த ஒரு செய்தியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். என் அம்மாயியின் கயிற்றுக்கும் இதே கணக்குத்தானே?

இரண்டாம் மருந்து கொடுத்தவன் நண்பன் ஒருவன். அவன் உயரம் தாண்டுவான், நெடுந்தூரம் ஓடுவான், உயிருள்ள பாம்பையே கையில் பிடிப்பேன் என்பான். எல்லாம் இறைச்சியின் வலிமை என்று சொன்னான். ஆங்கிலேயன் நம்மை ஆள்வதும் அதனால்தான் என்றான். வைணவக் குடும்பத்துப் பையன் ஆற்றோரத்தில் ஒதுக்குப்புறமாக ஓரிடத்தில் ஆட்டிறைச்சி தின்றான். தோலைப் போல் இருந்ததாம். அன்றிரவு உறங்கப் போனால் வயிற்றுக்குள் ஆடு கத்துவது போலிருந்தது. ஓராண்டுக்காலம் ஐந்தாறு முறை இந்த வைத்தியம் நடந்தது. அச்சம் போகவில்லை, பெற்றோரிடம் பொய் சொல்லும் புதிய பாரம்தான் சேர்ந்தது. அந்தப் பொய் பொறுக்காமல் நிறுத்திவிட்டார். நம்மிலும் பலர் இப்படித்தான். ஒருவன் காப்பியை விடச் சொல்வான், மற்றொருவன் இரண்டு மடங்கு குடிக்கச் சொல்வான், மூன்றாமவன் ஓடச் சொல்வான். சொல்கிறவன் உடம்பு திடமாக இருந்தால் போதும், மருந்து மெய்யென்று நம்பிவிடுகிறோம்.

1888 செப்டம்பரில் சட்டம் படிக்கக் கப்பலேறினார். ஆங்கிலம் பேசக் கூச்சம். மேசையில் முள்ளும் கத்தியும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் வாய் வராது. ஆகவே வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே தின்று நாளைக் கழித்தார். விடுதி உணவுக்கூடத்தில் புதிதாக நுழைந்த நாளில் ஓரத்து மேசையைத் தேடிய நண்பர்கள் நம்முள் எத்தனை பேர்!

இலண்டனில் மரக்கறி உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் அவரைச் சேர்த்தார்கள். கூட்டந்தோறும் போவார், வாய் திறக்கமாட்டார். அச்சங்கத்தில் அல்லின்சன் என்றொரு மருத்துவர் இருந்தார். கருத்தடையை ஆதரித்துப் பேசினார் என்பதற்காக அவரை நீக்கவேண்டும் என்று தலைவர் ஹில்ஸ் முனைந்தார். கருத்தடை பற்றிக் காந்திக்கும் ஹில்ஸின் கொள்கையே உடன்பாடு. ஆயினும் மரக்கறி உண்ணும் ஒருவரை வேறு கொள்கைக்காக நீக்குவது முறையன்று என்று பட்டது. அதை எழுதி எடுத்துப் போனார். படிக்க முடியவில்லை. வேறொருவர் படித்தார். அல்லின்சன் பக்கம் தோற்றது. வெண்ட்னர் என்ற கடற்கரை ஊரில் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றார். கண் மங்கியது, உடல் நடுங்கியது. ஒரே ஒரு தாள் எழுதியிருந்தார். அதையும் நண்பர் மஜும்தார்தாம் படித்தார். 1891-இல் ஊர் திரும்புமுன் ஹோபர்ன் உணவு விடுதியில் நண்பர்களுக்கு விருந்து வைத்து, நகைச்சுவையாகப் பேசுவதென்று ஆயத்தம் செய்துகொண்டு எழுந்தார். முதல் வாக்கியத்துக்கு அப்பால் நகரவில்லை. வந்தவர்களுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பம்பாயில் நடந்தது இதைவிடக் கொடிது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் மமீபாய் என்பவருக்காக முப்பது ரூபாய்க்கு ஏற்ற முதல் வழக்கு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, நீதிமன்றமே சுற்றியது, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்தார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். படேல் என்பவர் ஐம்பத்தொரு ரூபாய்க்கு அவ்வழக்கை நடத்தினார். அவருக்கு அது குழந்தை விளையாட்டு. காந்தி அங்கிருந்து விரைந்து வெளியேறினார். தென்னாப்பிரிக்காவுக்குப் போகும்வரை நீதிமன்றத்தில் வழக்காட நிற்கவில்லை. எழுபத்தைந்து ரூபாய் சம்பளத்தில் ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டார். பட்டதாரி அல்லர் என்று அதுவும் கிடைக்கவில்லை. பாரிஸ்டர் பட்டம் வாங்கிய மகன் இராஜ்கோட்டில் மனு எழுதிப் பிழைக்கப் போனார்.

1893-இல் தென்னாப்பிரிக்கா. மாரிட்ஸ்பர்க் இரயில் நிலையத்துக் குளிரைப் பற்றி நமக்கெல்லாம் தெரியும். அதை மீண்டும் எழுதவில்லை. நான் சொல்ல விரும்புவது பிரிட்டோரியாவில் நடந்தது. அங்கிருந்த இந்திய வணிகர்களைக் கூட்டி, வாணிகத்திலும் உண்மை வேண்டும் என்று பேசினார். அதுவே தம் வாழ்வின் முதற் பேச்சு என்று சொல்லத்தக்கது என்கிறார். நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை. தொடர்ந்து கூட்டங்கள் நடத்தினார். அடுத்த ஆண்டு டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்து முன்பல் உடைந்து, வாயில் இரத்தத்தோடும் கையில் தலைப்பாகையோடும் அவர் முன் வந்து நின்றார். அவருக்காக வாதாடி வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார்.

அச்சம் அன்றோடு அற்றுப் போயிற்று என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அது உண்மையன்று. 1896-இல் பம்பாயில் சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபத்தில் தென்னாப்பிரிக்க இந்தியர் நிலையைச் சொல்லக் கூட்டம் கூடியது. பிரோஸ்ஷா மேத்தாவின் யோசனைப்படி எழுதியே கொண்டு வந்திருந்தார். குரல் நடுங்கியது. உரக்க, உரக்க என்று மேத்தா ஊக்கிய அளவுக்குக் குரல் உள்ளே போயிற்று. முடிவில் வாச்சா வாங்கிப் படித்தார். அதே ஆண்டு அக்டோபர் 26-இல் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில், பாலசுந்தரத்தின் மக்கள் நடுவே, நீண்டதோர் உரையை வழங்கினார். மக்கள் ஒவ்வொரு சொல்லையும் கேட்டனர். அச்சிட்டுக் கொண்டுபோன பச்சைத்தாள் சிற்றேட்டை மீண்டும் பத்தாயிரம் படிகள் அச்சிட வேண்டியதாயிற்று. ஒரு மாதம் தோல்வி, மறுமாதம் வெற்றி. முன்னேற்றம் நேர்கோட்டில் போகவில்லை. அஞ்சுகிற சூழ்நிலையைச் சிறிது சிறிதாக, மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளச் செய்வது இன்றைய உளச்சிகிச்சையின் முக்கிய வழிகளுள் ஒன்று. அதிலும் ஏற்ற இறக்கம் உண்டு. கூச்சம் தம்மை முற்றும் விட்டுப் போகவில்லை என்று அவரே எழுதினார். ஆனால் அது சொற்களைச் சிக்கனமாகச் செலவிடப் பழக்கியது என்று அதற்கொரு நன்றியும் சொன்னார்.

இனி அவர் எப்படிப்பட்ட நோயாளி என்று பார்ப்போம். மருத்துவருக்குத் தலைவலி கொடுக்கும் நோயாளி! ஆப்பிரிக்காவில் மலச்சிக்கலுக்கும் தலைவலிக்கும் ஜெர்மானியர் கூனேயின் இடுப்புக் குளியலும், யூஸ்டின் ஈரமண் பற்றும் பழகினார். காலையுணவை விட்டார். 1909-இல் எழுதிய இந்திய சுயராஜ்யத்தில் மருத்துவத் தொழிலையே சாடினார். அந்தச் சாடலை என்னால் ஏற்க இயலாது. 1912-இல் பாலையும் விட்டார்; கறவை மாடுகளைக் கொடுமைப்படுத்திப் பால் கறப்பது தெரியவந்ததே அதற்கு ஒரு காரணம். 1914-இல் இலண்டனில் நுரையீரல் உறையில் அழற்சி கண்டபோது, பால் சாப்பிடச் சொல்லிக் கோகலே வற்புறுத்தினார். ஒரு நாள் அவகாசம் கேட்டு, இரவெல்லாம் சிந்தித்து, மறுநாள் மாட்டேன் என்றார். அப்போது அவருக்கு வைத்தியம் செய்ய வந்தவர் யார் தெரியுமா? எவருக்காக எழுதியதைப் படிக்க முடியாமல் உட்கார்ந்தாரோ, அதே அல்லின்சன்! கைக்குத்து மாவு ரொட்டி, பச்சைக் காய்கறி, பழம், வெதுவெதுப்பான குளியல். சன்னல்கள் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். மேற்சன்னல் திறக்க வராததால் கண்ணாடியை உடைக்கச் செய்தார்.

1918-இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக அலைந்தார். நிலக்கடலையும் எலுமிச்சையுமே உணவு. வயிற்றுக்கடுப்பு தொடங்கியது. ஒரு பண்டிகை நாளில் கஸ்தூரிபாய் இனிப்புக் கஞ்சி வைத்திருந்தார். சபலம் வென்றது, நோய் முற்றியது. நடியாதில் மருத்துவர் ஊசி போடலாம் என்றார். மறுத்தார். ஊசி என்றால் விலங்கின் ஊனீர் என்று எண்ணிக்கொண்டிருந்தாராம். அம்மருந்து தாவரப் பொருள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தம் அறியாமை நகைப்புக்குரியது என்று அவர் தம்மையே நொந்துகொள்கிறார். என் நோக்கில், எடுத்துச் சொல்லாத மருத்துவர் மேலும் பாதிப் பழி உண்டு.

அம்பாலால் சாராபாய் அவரை அகமதாபாத்துக்குத் தம் மாளிகைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஆசிரமம் சேர்ந்தார். அங்கே ஓர் இரவு, சாவு வந்துவிட்டது என்று உறுதியாகத் தோன்றியது. அனசூயாபென்னுக்குச் சொல்லியனுப்பினார். வல்லபாய் படேல் மருத்துவர் கனுகாவை அழைத்து ஓடிவந்தார். கனுகா நாடி பார்த்தார். நாடி நன்றாக இருக்கிறது, ஆபத்து எதுவும் இல்லை, அளவுகடந்த பலவீனத்தால் வந்த நரம்புத் தளர்ச்சி இது என்றார். மருத்துவர் சொன்னது சரி. ஆனால் நோயாளிக்குத் தேறுதல் வரவில்லை. அவ்விரவு முழுதும் உறங்கவில்லை. பொழுது விடிந்தது, சாவு வரவில்லை, அப்போதும் முடிவு நெருங்கிவிட்டது என்ற எண்ணம் அகலவில்லை. கீதையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாடி நன்றாக இருந்தால் நெஞ்சுக்குப் போதாதா? போதாது என்பதை நான் அறிவேன். என் இ.சி.ஜி.யும் நன்றாகத்தான் இருந்தது. ஆபத்துக்கு உடல் எழுப்பும் அதே அட்ரினலின், ஆபத்து இல்லாதபோதும் சுரந்து இதயத்தைத் தட்டுகிறது. தட்டுவது கற்பனையன்று, மெய்யாகவே தட்டுகிறது. ஒன்றும் இல்லை என்ற சொல் காதில் விழும்போது, நான் பொய் சொல்கிறேன் என்கிறாரா, அல்லது என் நோயை இவரால் கண்டுபிடிக்க முடியவில்லையா என்ற இரண்டு புதிய கவலைகள் முளைக்கின்றன.

காந்தியடிகளைத் தேற்றியது ஒரு விநோத வைத்தியம். தல்வல்கர் என்ற மருத்துவர், கேல்கர் என்ற மகாராட்டிரரை அழைத்து வந்தார். பனிக்கட்டி வைத்தியர் என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது. உடல் முழுவதும் பனிக்கட்டி வைத்தார். அவர் கண்டுபிடிப்புகளில் அடிகளுக்கு முழு நம்பிக்கை இல்லை. எனினும் இந்தச் சிகிச்சைக்கு மனம் இசைந்தது. மேலுக்குச் செய்வது, உள்ளே எதையும் செலுத்தாதது, தம் கொள்கைக்கு மாறில்லாதது. நம்பிக்கை பிறந்தது, பசி எடுத்தது, ஐந்து பத்து நிமிடம் நடக்கவும் முடிந்தது. பச்சை முட்டை சாப்பிடலாம் என்று கேல்கர் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டார். பனிக்கட்டியில் மருத்துவ குணம் எவ்வளவு என்று என்னைக் கேட்டால், அதிகம் இராது என்பேன். தன் படுக்கையருகே வந்து உட்கார்ந்து, தான் ஒப்பும் வழியில் ஒருவர் பாடுபடுகிறார் என்பதில் இருந்த குணம் பெரிது.

1919 ஜனவரியில் பம்பாயில் மருத்துவர் தலால் மூலத்துக்கு அறுவை செய்தார். பால் குடித்தால்தான் உடல் தேறும் என்றார். இரும்பும் ஆர்சனிக்கும் ஊசி வழியாகச் செலுத்தலாம் என்றார். முன்பு மறுத்த ஊசிக்கு இப்போது இசைந்தார். பாலுக்கு இசையவில்லை. ஏன் என்று தலால் கேட்டார். கேட்டதால் பசுவுக்கும் எருமைக்கும் செய்யும் கொடுமை பற்றிய செய்தி வெளிவந்தது. கட்டிலருகே நின்ற கஸ்தூரிபாய், அப்படியானால் ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்றார். தலால் அதைப் பிடித்துக்கொண்டார். அடிகள் இணங்கினார். விரதத்தின் சொல்லைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டேன் என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஆனால் உயிர் பிழைத்தார். அவ்வாண்டே ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் களத்தில் இறங்கினார். ஒரு கேள்வி, ஒரு பதில், பக்கத்தில் நின்ற ஒருவரின் சொல்: மூன்றும் சேர்ந்து செய்த சிகிச்சை இது.

இன்று பதற்றநோய்க்குப் பேச்சுவழி உளச்சிகிச்சையும் உண்டு, மாத்திரையும் உண்டு. இரண்டும் பலருக்குப் பயன் தருபவை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களின் விருப்பத்தை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான ஆய்வொன்றில், நான்கில் மூன்று பங்கினர் மாத்திரையைவிட உளச்சிகிச்சையையே விரும்பினர். நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வகையில் தனக்குச் சிகிச்சை செய்யலாம், எவ்வகையில் கூடாது என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க உரிமை தருகிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி தமிழிலும் கிடைக்கிறது. அட்டப்பாடி மலையிலிருந்து கீழே இறங்க மண்ணார்க்காட்டுக்கு ஒரு வளைவுப் பாதை, ஆனைகட்டி வழியே கோயமுத்தூருக்கு ஒரு பாதை. அந்தத் தூரத்தை நினைத்தால் தொலைபேசி சிறிய உதவியன்று. நானும் இப்போது ஓர் உளவியலாளரிடம் போய்வருகிறேன். முதல் நாள் அவர் கேட்ட முதற்கேள்வியே, உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதுதான். கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை.

அடிகளின் பிற்கால நோய்களை விரிக்க இடமில்லை. 1924-இல் சிறைக்கைதியாக இருந்தபோது புனா சசூன் மருத்துவமனையில் குடல்வால் அறுவைக்கு ஆங்கிலேய மருத்துவர் மாடக்கிடம் தம்மை ஒப்படைத்தார். நடுவில் மின்விளக்கு அணைந்து அரிக்கேன் விளக்கில் அறுவை முடிந்தது. ஆனால் 1944-ஐத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபாய் சாகக் கிடந்தபோது, மகன் தேவதாஸ் பெனிசிலின் வரவழைத்திருந்தார். அந்த ஊசி வேண்டாம் என்று தடுத்தவர் அடிகள். பிப்ரவரி 22-இல் அந்த அம்மையார் மறைந்தார். அந்த நிலையில் பெனிசிலின் அவரைக் காத்திருக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தம் உடம்புக்குத் தாம் தெரிவு செய்தவரை நான் வணங்குகிறேன். பிறர் உடம்புக்குத் தெரிவு செய்தவரிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அன்று கட்டிலருகே நின்று ஆட்டுப்பாலை நினைவூட்ட அவருக்கு ஒரு கஸ்தூரிபாய் இருந்தார். கஸ்தூரிபாய்க்கு அப்படி ஒருவர் இல்லை.

1948 ஜனவரி 30-இல் அடிகள் மறைந்தார். பாலக்காட்டை அடுத்த அகத்தேத்தறைச் சபரி ஆசிரமத்துக்கு அவர் வந்து போனதைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவன் நான். அங்கே கூட்டத்தின் முன் நின்றபோது அவருக்கு நெஞ்சு அடித்ததா என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். வட்டமேசை மாநாட்டுக்குப் போயிருந்த அவரை, 1931 நவம்பர் 20-இல் இலண்டன் மரக்கறி உணவுச் சங்கத்தார் பேச அழைத்தனர். ஒரு தாளைப் படிக்க முடியாமல் உட்கார்ந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மாணவப் பருவத்தில் எவருடைய நூலைப் படித்து அவர் மரக்கறிக் கொள்கையில் ஊன்றினாரோ, அந்த முதியவர் ஹென்றி சால்ட் மேடையில் பக்கத்தில் அமர்ந்திருந்தார். காந்தியடிகள் எழுந்து, அந்தச் சங்கத்தார் முன் பேசி முடித்தார்.